தனி வானம்

நான் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, 'அங்கே எல்லோரும் எதற்கு அப்படிச் சிரித்தீர்கள்?' என்று கேட்டார். 'ஆபீஸ் சமாச்சாரம்' என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பொய்யை எதற்காகச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் எழுதியதுதான் இது.

2024 அக்டோபரில் பத்து நாள் ஜப்பானில் இருந்தேன். பிறப்பை வைத்து ஒதுக்கப்பட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று. வடாற்காட்டுத் தோல் ஷாப்புக் கூலியின் மகனுக்கு அங்கே என்ன ஜோலி என்று கேட்கலாம். அங்கேயும் செத்த மாட்டைத் தூக்கினவர்களை, தோல் உரித்துப் பதனிட்டவர்களைத்தான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். புராக்கு மக்கள். 1871-ல் அரசாணை போட்டு இழிபெயரை ஒழித்தார்கள். பெயர் ஒழிந்தது, தெரு ஒழியவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு திரிந்த அம்மா அப்படி ஒரு தோல் தெருவில் பிறந்தவர். அறுபதைத் தாண்டியவர். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். தெருவின் பெயரை எழுதப் போவதில்லை. இந்தத் தெருக்களின் பெயர்களைத் தொகுத்து ஒரு புத்தகமாகவே போட்டு, தபாலில் ரகசியமாக விற்றிருக்கிறார்கள். 1975-ல் அது அம்பலமானது. வேலைக்கு மனுப் போடுகிறவன் எந்தத் தெருக்காரன் என்று பார்த்துக் கழிப்பதற்காக இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அதை வாங்கி வைத்திருந்தன. ஊர்ப் பெயரைச் சொன்னாலே தெருவைக் கண்டுபிடித்துவிடுகிற நாட்டிலிருந்து போனவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டோக்கியோவில் நிஷி-கசாய் என்று ஒரு இடம். கம்ப்யூட்டர் வேலைக்குப் போன இந்தியர்கள் கூட்டமாகக் குடியிருக்கிற பகுதி. நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் 'வாங்க சார், நம்ம சாப்பாடு சாப்பிடலாம்' என்று அழைத்தார்கள். அம்மாவும் வந்தார். அக்டோபர் பாதி தாண்டியும் வியர்த்துக் கொட்டியது. பேச்சு வெயிலில் தொடங்கி, ஜப்பான்காரனின் நாலு பருவத்துக்கு வந்தது. அங்கே போய் வேலை செய்கிற வெள்ளைக்காரன், இந்தியன் எல்லோருக்கும் இது நிரந்தர ஜோக்காம்.

'ஆபீஸ்ல சேர்ந்த மொத வாரமே கேட்டுட்டான் சார், ஒங்க நாட்டுல நாலு சீசன் உண்டான்னு.'

'பூமி சாஞ்சு சுத்தறதே இவங்களுக்காகத்தான்.'

'ஜூன் ஒண்ணாந்தேதி ஸ்கூல் பசங்க அரைக்கைச் சட்டை. அக்டோபர் ஒண்ணாந்தேதி குளிருக்கான யூனிபார்ம். வெயில் கொளுத்தினாலும் காலண்டர் சொன்னதுதான்.'

'ஆகஸ்ட் முடிஞ்சா கடல்ல எவனும் கால வெக்க மாட்டான்.'

பழைய காலண்டரில் ஐந்து நாளைக்கு ஒரு பருவமாக 72 பருவம் உண்டு. சீனாவிலிருந்து வந்ததை 1685-ல் ஷிபுகாவா ஷுன்காய் என்பவர் ஜப்பானின் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்திக் கொடுத்தார். அதில் மட்கிய புல் மின்மினிப் பூச்சியாக மாறுகிற ஐந்து நாளும் ஒன்று. ஒருவர் அதைச் சொன்னதும் மேசை அதிர்ந்தது. இடி இடித்தால் இடிச்சாமி தொப்புளைப் பிடுங்கிக்கொள்வார் என்று குழந்தைகளை வயிற்றை மூடிக்கொள்ளச் சொல்வது, 'குவாபரா குவாபரா' என்று முணுமுணுப்பது, எல்லாம் வந்தது. கடைசியில் ஒருவர் முத்தாய்ப்பாக, 'ஆண்டவன் இவங்களுக்கு மட்டும் தனியா ஒரு வானம் போட்டுக் குடுத்திருக்கான்' என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. 'எங்க வேலூர்ல மூணு சீசன். வெயில், கடும் வெயில், தண்ணி லாரி' என்றேன். என் ஜோக்குக்குத்தான் அதிகச் சிரிப்பு. அம்மா எங்கள் முகங்களைப் பார்த்துத் தானும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

'தனி வானம்' என்ற அந்தச் சொல்தான் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சில் நின்றுகொண்டது. அது எனக்குப் பழக்கமான சொல். பி.ஏ. முதல் வருஷம். முதற்பொருள் பாடம். 'ஒங்க ஊர்ல என்னென்ன காலம் இருக்குது, சொல்லு' என்று ஆசிரியர் என்னை எழுப்பினார். கார், கூதிர் என்று ஒப்பித்திருக்கலாம். என் புத்தி, ஆயா சொல்கிறதைச் சொல்லிவிட்டேன். 'நடவுக் காலம், களக் காலம், அறுப்புக் காலம், சும்மாக் காலம்.' வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, 'ஏம்பா, ஒங்க தெருவுக்கு மட்டும் தனி வானமா?' என்றார். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் அழுதுவிடுவேன் என்று பயம்.

சும்மாக் காலம் என்றால் வேலை இல்லாத மாசங்கள். வேலை இல்லை என்றால் கூலி இல்லை, கூலி இல்லை என்றால் சோறு இல்லை. தொல்காப்பியர் கணக்கில் ஆறு பெரும்பொழுது உண்டு. ஆயாவின் பட்டினிக்கு அதில் ஒரு பொழுது கிடையாது. எம்.ஏ. முடித்து, பாடம் எடுத்து, கூட்டத்தில் பேசி எல்லாம் ஆனபிறகும் அந்த வகுப்புச் சிரிப்பு என்னை விட்டுப் போகவில்லை. நிஷி-கசாயில் அதே வாக்கியத்துக்கு நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் நல்ல மனசுக்காரர்கள் சட்டென்று ஒரு தீர்ப்பு எழுதிவிடுவார்கள். 'அடுத்தவர் நம்பிக்கையைக் கேலி செய்யாதே.' எனக்கு அது ஒத்துவராது. நம்பிக்கையைக் கேலி செய்யாதே என்று நம்மிடம் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் யார்? நம் நிழல் பட்டால் தீட்டு என்பதும் ஒரு நம்பிக்கைதான். அம்பேத்கர் இந்து மதத்தின் புதிர்களை எழுதினாரே, அது மரியாதையாகத் தலைவணங்கி எழுதினதா? பெரியார் மேடையில் சிரிக்க வைத்தே எத்தனை சாமிகளை இறக்கினார்! 1934 ஜனவரியில் பீகார் பூகம்பம் நடந்தபோது காந்தி திருநெல்வேலியில் நின்று, இது தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். தாகூர் அதை மறுத்து எழுதினார். நமக்குச் சாதகமான பேச்சுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் செத்தவர்களில் தீண்டப்படாதவர்களும் இருந்திருப்பார்களே, அவர்கள் யார் செய்த பாவத்துக்குச் செத்தார்கள்? எனக்குச் சிரிப்பு வருகிறது, கசப்பான சிரிப்பு. சிரிப்பை விட்டுக்கொடுத்தால் நம் கையில் அப்புறம் என்ன மிஞ்சும்?

நாலு பருவப் பெருமையும் அப்படி ஒன்றும் பாவப்பட்ட பூச்சி அல்ல. வாட்சுஜி தெட்சுரோ என்ற தத்துவவாதி 1927-ல் கப்பலேறி ஐரோப்பா போனார். ஹைடெக்கரைப் படித்தார். 1935-ல் 'ஃபூதோ' என்ற புத்தகத்தை வெளியிட்டார். தட்பவெப்பமும் மண்ணும்தான் மனுசனின் சுபாவத்தை ஆக்குகின்றன என்பது வாதம். மனுசர்களை மூன்றாகப் பிரித்தார்: மழைக்காற்று நாட்டுக்காரன், பாலைக்காரன், புல்வெளிக்காரன். இந்தியன் முதல் வகை. வானம் கொடுப்பதை வாங்கிக்கொண்டு எதிர்க்காமல் அடங்கிக் கிடப்பவன். ஜப்பான்காரனும் அதே வகைதான், ஆனால் பனியும் புயலும் சேர்ந்து அவனைத் தனி ரகமாக்கிவிட்டன. நாம் அடங்கிக் கிடந்தது மழைக்காற்றால் என்று ஒருவர் தத்துவம் எழுதினால் அதைப் படித்து எப்படிச் சிரிக்காமல் இருப்பது? அடித்து அடக்கினவன் காற்றில் காணாமல் போய்விடுகிறான். பிறகு வந்த 'நாங்கள் தனி இனம்' பேச்சுக்கெல்லாம் இந்தப் புத்தகம் நல்ல உரம் போட்டது. அந்த 'நாங்களில்' தோல் தெருக்காரர்கள் இல்லை.

சரி, அப்படியானால் நம் பிள்ளைகள் சிரித்தது வாட்சுஜியைப் பார்த்தா? இல்லை. அவர்கள் சிரித்தது பக்கத்து மேசைக்காரர் ஆசையாகக் கேட்ட ஒரு கேள்வியைப் பார்த்து, வயிற்றை மூடிக்கொள்கிற குழந்தையைப் பார்த்து, 'குவாபரா' என்கிற கிழவியைப் பார்த்து. இடி இடிக்கும்போது 'அர்ச்சுனா அர்ச்சுனா' என்று காதைப் பொத்திக்கொள்கிற கிழவி அந்த மேசையில் இருந்த பலர் வீட்டிலும் இருந்திருப்பாள். அங்கேயும் ரெண்டு தடவை, இங்கேயும் ரெண்டு தடவை!

அவர்களையும் முழுசாகக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஒரு பிள்ளை சொன்னார்: 'வீடு கேட்டா குடுக்க மாட்டான் சார். இண்டியான்னதும் மசாலா வாசனைம்பான். சிரிக்கவாவது விடுங்க.' அது நிஜம். ஜப்பான் நீதி அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே வீடு மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். மறுக்கப்பட்டவன் மறுத்தவனைப் பார்த்துச் சிரிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நான் கேட்டேன்: 'மெட்ராஸ்ல ஒங்க வீட்டு மாடிய வாடகைக்கு விடும்போது ஒங்கப்பா என்னப்பா கேப்பாரு?' பிள்ளை சட்னியைத் தொட்டுக்கொண்டார். 'சைவமான்னுதான் கேப்பாரு சார்.' யாரும் சிரிக்கவில்லை. நானும் அதற்கு மேல் பேசவில்லை. சாப்பாடு போட்ட வீடு.

யோசிக்க யோசிக்க என் பொய்தான் எனக்குத் துப்பு கொடுத்தது. அம்பேத்கர் எழுதினதை எந்தச் சங்கராச்சாரி முன்னாலும் படிக்கலாம். அவர் கோபிப்பார், கோபிக்கட்டும், அதற்காகத்தானே எழுதினது. எங்கள் நாலு பருவ ஜோக்கை அந்த அம்மாவிடம் என்னால் மொழிபெயர்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் பதில் சொல்ல முடியாத மொழியில், அவரை மேசையில் வைத்துக்கொண்டே சிரித்தோம். பக்கத்தில் நிற்பவரை வைத்துக்கொண்டு ஜாடையாகப் பேசிச் சிரிக்கிற அந்த வேலையை ஊர்த்தெரு நமக்கு நிறையச் செய்திருக்கிறது. டீக்கடை வாசலில், ரேஷன் வரிசையில், சென்ட்ரல் சர்க்கார் ஆபீசில்கூட. நாம் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறோம், விஷயம் தெரிந்தும் தெரியாத மாதிரி.

இன்னொன்றும் உண்டு. அந்த ஜோக் விஷயத்தையே தொடவில்லை. கியோட்டோவில் செர்ரிப் பூ எந்தத் தேதியில் முழுசாகப் பூத்தது என்று அரண்மனைக்காரர்களும் பிக்குகளும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக் கணக்கு. 2021-ல் மார்ச் 26-ந் தேதியே பூத்துவிட்டது. அதுவரை அத்தனை நூற்றாண்டில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. பூமி சூடாகிறது என்பதற்கு உலகத்தில் இவ்வளவு நீண்ட சாட்சிகள் குறைவு. பருவப் பைத்தியம் என்று சிரிக்கிறோமே, அந்தப் பைத்தியம் எழுதி வைத்தது. அதே 2021-ல் ஜப்பான் வானிலை நிறுவனம், 1953-லிருந்து பார்த்துவந்த 57 வகைச் செடி கொடி பிராணிகளில் ஆறு செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிட்டது. குருவி வந்த நாள், சில்வண்டு கத்தின நாள், இனி கணக்கில் இல்லை. பார்ப்பதற்கு அருகில் குருவியும் சில்வண்டும் இல்லை என்பது ஒரு காரணம். 2025-ல் வருஷத்தின் பேச்சுச் சொற்களைப் பட்டியல் போட்டபோது அதில் 'நிகி' என்று ஒரு சொல். இரண்டு பருவம் என்று அர்த்தம். கோடை, குளிர், அவ்வளவுதான். ஜோக் அடிப்பவர்கள் இனி புது ஜோக் தேட வேண்டும்.

பூவுக்கு நாட்குறிப்பு வைத்தார்கள். தோல் தெருவின் பருவத்தை யார் எழுதினார்கள்?

கடைசி இரண்டு நாள் ஒசாகா. நாள்கூலிக்காரர்கள் கூடுகிற காமகாசாகி என்ற இடத்துக்கு அம்மா அழைத்துப் போனார். கட்டட வேலை தேடி வந்து கிழடாகிப்போன ஆண்கள். மழைக்காலத்தில் வேலை நிற்கும். வருஷக் கடைசியில் எல்லாம் மூடிவிடும், குளிரில் தெருவில் செத்துப்போவார்கள். அதனால் 1970-களிலிருந்து ஆண்டுதோறும் சங்கங்கள் கஞ்சி காய்ச்சி, நெருப்பு மூட்டி, ராத்திரி ரோந்து போய், ஆள்களை உயிரோடு வைத்திருக்கின்றன. அதற்குக் 'குளிர் தாண்டும் போராட்டம்' என்று பெயர். ஒரு பருவத்தைத் தாண்டுவதே போராட்டம். சும்மாக் காலம் என்று ஆயா சொன்னதை நான் அங்கே பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் நிஜத்தைச் சொன்னேன். நாலு பருவம், தனி வானம், தண்ணி லாரி, எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார். முகம் மாறவில்லை.

'பழைய ஜோக்' என்றார். 'வெளிநாட்டுக்காரர்கள் முப்பது வருஷமாக என்னிடம் சொல்கிறார்கள். இதை எதற்கு மறைத்தீர்கள்?'

என்னிடம் பதில் இல்லை. அவரே பேசினார். பள்ளிக்கூடத்தில் நாலு பருவம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். எல்லாப் பிள்ளைகளும் செர்ரிப் பூ, சிவந்த இலை என்று எழுதினார்கள். இவர் எழுதியது: தோல் நாறும் காலம், தோல் காயாத காலம், அப்பாவின் கை வெடிக்கும் காலம். 'மூன்றுதான் வந்தது. நாலாவது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்து, பருவத்தைப் பற்றி எழுது என்றார்.' சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. எனக்கும் வந்தது.

அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, 'உங்கள் பாட்டிக்கு எத்தனை பருவம்? மெதுவாகச் சொல்லுங்கள்' என்றார்.

நடவு என்பதற்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். சும்மாக் காலத்துக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.