வெடித்த பின் ஓடுகிறவர்களே, வெடிக்கும் முன் தடுங்கள்

கரிசல் சீமையில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் வாசலுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆபீஸ்?" என்றுதான். கோவில்பட்டி தொடங்கி ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி வரைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கோ, பயராபீஸ் எனும் பட்டாசு ஆலைக்கோ ஆள் போகாத ஊர் குறைவு. மானாவாரிக் காடு கைவிட்ட வருஷங்களில் நம் வீட்டு அடுப்பை எரிய வைத்தது இந்தத் தொழில். அதற்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த நன்றியையே வாய்ப்பூட்டாக மாட்டிக்கொண்டு, கண்ணெதிரே நடப்பதைப் பேசாமல் இருந்துவிட்டோம். இனியும் அப்படி இருக்க நமக்கு உரிமை இல்லை.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டி. விதிமீறல்களுக்காக அங்கிருந்த ஒரு பட்டாசு ஆலையின் உரிமம் அப்போதுதான் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இருந்தும் வேலை நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே இருந்தார்கள். தீபாவளிச் சரக்கு குவிந்து கிடந்தது. ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல. முதல் புகையைப் பார்த்ததும் சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடி வந்தவர்கள். அதற்குள் இருப்பு வைத்திருந்த சரக்கு வெடித்தது.

2021 பிப்ரவரி 12. ஏழாயிரம்பண்ணை பக்கம் அச்சங்குளம். அங்கே வெடித்த பட்டாசு ஆலையின் உரிமம் ஒருவர் பெயரில். வேலை நடக்கும் அறைகளான செட்டுகளோ உள்குத்தகையில் வேறு கைகளில். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது.

ஒவ்வொரு முறையும் செய்தியில் வரும் காரணம் உராய்வு. வெடிமருந்து உராய்ந்ததாம், தீப்பிடித்ததாம். உராய்வு கடைசி நொடியின் காரணம் மட்டுமே. அதற்கு முந்தைய காரணங்களை மாதக்கணக்கில் மனிதர்கள்தான் உண்டாக்கினார்கள்.

ஒரு செட்டுக்குள் போய்ப் பாருங்கள். நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கதவுகள் அடைபடாமல் இருக்க வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், இரும்புச் சாமான் கூடாது. அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும், மீந்ததை அழித்துவிட வேண்டும். ஏனென்றால் அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் யாரும் தொடாமலே அது சூடாகும். இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. ஆனால் பேன்சி ரகத்துக்கு அவசர ஆர்டர் வந்ததும் நாலு பேர் இடத்தில் எட்டுப் பேர் நெருக்கி உட்காருகிறார்கள். இடம் போதாமல் வேலை மரத்தடிக்கு வருகிறது. முடித்த வெடி வாசலை அடைத்து அடுக்கப்படுகிறது. நேற்று மீந்த மருந்து காலையில் மறுபடி கைக்கு வருகிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை வேகமெடுக்கிறது. அதற்குப் பிறகுதான் உராய்வு வருகிறது.

இந்த வரிசையில் ராட்சசன் யாரும் இல்லை. உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டவருக்கு மகள் கல்யாணம் இருக்கலாம். கான்ட்ராக்டருக்கு வட்டி ஏறுகிறது. போர்மேனுக்கு வேலை போய்விடும் என்ற பயம். ஆய்வுக்கு வந்தவருக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டும். "பக்கத்து ஆபீஸ்ல பண்ணலையா?", "இத்தனை வருஷமா என்ன ஆயிப்போச்சு?", "இந்த ஒரு லோடு மட்டும் போகட்டும்." இப்படித்தான் தீமை நம் ஊருக்குள் நுழைகிறது. யாரையும் கொல்ல வேண்டும் என்று எவரும் நினைப்பதில்லை. பிறர் உயிரைவிடத் தன் அன்றைய சௌகரியம் ஒரு படி மேலே என்று ஒவ்வொருவரும் சத்தமில்லாமல் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுகள் சேர்ந்து கொல்கின்றன.

பிணங்களைக் கொண்டுபோன பிறகு நாம் தப்பித்து ஓடும் வழிகள் இரண்டு. ஒன்று தலைவிதி. நெருப்போடு தொழில் செய்தால் இப்படித்தான், அவர்கள் ஆயுசு அவ்வளவுதான் என்கிறோம். எட்டுப் பேரை உட்கார வைத்தது விதியா? உரிமம் நிறுத்திய ஆலையைத் திறந்தது விதியா? மனிதன் செய்ததை விதியின் கணக்கில் எழுதுவது, செத்தவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

மற்றது, ஒருவன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு வீடு திரும்புவது. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசலைப் பார்த்தார்கள். கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடின. மேலே இருந்த தையல் ஆலைகள் மட்டும் ஆட்களை மறுநாள் வேலைக்கு அழைத்தன. கட்டட முதலாளி பிடிபட்டார், பிடிபடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காலை வேலைக்கு வரச் சொன்ன மேலாளர்கள் எத்தனை பேர்? விரிசலைப் பார்த்தும் பயமில்லை என்று சொன்ன வாய்கள் எத்தனை?

எல்லோருக்கும் பங்கு உண்டு என்று சொன்னதும் சிலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. வரக் கூடாது. பூர்வீக நிலம் பங்கு போடப் போடக் குறையும். பாவம் அப்படிக் குறையாது. எத்தனை பேர் சேர்ந்து செய்தாலும் அவரவர்க்கு முழுசாகத்தான் நிற்கும்.

அதேசமயம் எல்லார் பொறுப்பும் ஒரே எடை அல்ல. இரண்டு கேள்விகளால் அதை அளக்கலாம்: எனக்குத் தெரிந்ததா? என்னால் நிறுத்த முடிந்ததா? இந்த இரண்டுக்கும் யாருடைய பதில் "ஆமாம்" என்று வருகிறதோ, அவரே முதலில் கூண்டில் நிற்க வேண்டியவர். அன்றாடக் கூலிக்கு மருந்து அள்ளும் பெண்ணை நோக்கி, "அவளுக்குத் தெரியாதா?" என்று முதல் விரலை நீட்டுகிறவன் பெரும் பாதகம் செய்கிறான். அவளுக்குத் தெரிந்திருக்கலாம். நிறுத்தும் அதிகாரம் அவள் கையில் எங்கே இருந்தது?

வள்ளுவர் தீவினையச்சத்துக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அதை அவர் துறவறவியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். பிள்ளை குட்டியோடு பிழைக்கிறவனுக்கு, சம்பாதித்தே தீர வேண்டியவனுக்குத்தான் அந்த அச்சம் முதலில் வேண்டும். "பிழைப்புக்காகச் செய்தேன்" என்பதை அந்த அறம் ஒரு சமாதானமாக ஏற்பதே இல்லை.

ஆகவே முதலாளிகளே, உங்கள் பெயரில் உள்ள உரிமம் உங்கள் கண்காணிப்புக்குத் தந்த உரிமம். அதை வாடகைக்கு விடாதீர்கள். விட்டிருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். முடியாத ஆர்டரை முடியாது என்று திருப்பி அனுப்புங்கள். கான்ட்ராக்டர்களே, போர்மேன்களே, ஐந்தாவது ஆள் செட்டுக்குள் வந்தால் வேலையை நிறுத்துங்கள். மீந்த மருந்தை நாளைக்கு வைக்காதீர்கள். அதிகாரிகளே, பார்க்காத செட்டைப் பார்த்ததாக எழுதும் பேனா, வெடித்த பிறகு நீங்கள் சுமக்கும் கொள்ளிச்சட்டிக்குச் சமம். நிறுத்திய ஆலை நின்றதா என்று மறுநாள் போய்ப் பாருங்கள். அதுவும் உங்கள் வேலைதான்.

ஊராரே, பக்கத்து வீட்டில் பட்டாசுக்கான கருந்திரி சுற்றுவது உங்களுக்குத் தெரியும். ஆலைச் சுவருக்கு வெளியே மரத்தடியில் வேலை நடப்பதும் தெரியும். திரி சுற்றும் வீட்டுக்குள் பிள்ளைகள் தூங்குகிறார்கள். காட்டிக்கொடுத்தான் என்ற பேச்சுக்கு அஞ்சாதீர்கள். முதலில் அவர்களிடமே போய்ப் பேசுங்கள், கேட்காவிட்டால் புகார் கொடுங்கள். வெடித்த பின் நிவாரணக் காசோலையோடு ஊர் அடங்கிவிட வேண்டாம். விசாரணைக்கு அழைத்தால் போய், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். பட்டாசு வாங்குகிறவர்களே, மலிவாக வந்த பெட்டி எந்த வீட்டுத் திண்ணையில் சுற்றப்பட்டது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் இல்லாத சரக்கை விட்டுவிடுங்கள்.

முதலிப்பட்டியில் புகையை நோக்கி ஓடியவர்கள் இந்த மண்ணின் மக்கள். முன்பின் அறியாதவரைத் தூக்க நெருப்புக்குள் போகும் துணிவு நம்மிடம் இருக்கிறது; அதை யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. அந்தத் துணிவை ஆறு மாதம் முன்னதாகக் கேட்கிறேன். முதலாளி முன்னால், மாமன் மச்சான் முன்னால், கடன் கொடுத்தவன் முன்னால், "இது கூடாது, நிறுத்துங்கள்" என்று சொல்லும் துணிவாகக் கேட்கிறேன். அப்படிச் சொல்வதால் ஒரு நாள் கூலி போகலாம், ஓர் உறவு கசக்கலாம். சொல்லாமல் விட்டால் என்ன போகும் என்பதை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். நாளைக் காலை செட்டு திறக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு தவறாவது இருந்தால், மருந்தில் கை வைக்கும் முன் சொல்லிவிடுங்கள்.