வரிக்கடனும் வழக்கறிஞர் அறமும்

கடன்களுள் வரிக்கடன் தனித்தன்மை உடையது. நண்பனிடம் வாங்கிய கடனை அவன் மனமிரங்கித் தள்ளிவிடலாம். அது அவன் பொருள். வரியோ அரசின் கையில் இருப்பினும் ஊர்ப்பொதுப் பொருளாகும். ஒருவருக்கு விட்டுக்கொடுத்த தொகை மற்றவர் தோளில் சுமையாக ஏறும். அங்ஙனமாயின், வரி செலுத்த இயலாதவருக்காகப் பரிந்து பேசும் வழக்கறிஞரின் தொழில் அறத்தின்பாற்படுமா?

என் போன்ற அரசு எழுத்தர்களுக்கு இது ஏட்டு வினா அன்று. வரிக்கு உட்பட்ட சம்பளம் என்றால், அது கைக்கு வருமுன்னரே வரி பிடிக்கப்பட்டுவிடும். 2020ஆம் ஆண்டின் ‘விவாத் சே விஷ்வாஸ்’ சட்டம், வழக்கிலிருந்த வரியைக் குறித்த நாளுக்குள் முழுமையாகக் கட்டியோர்க்கு வட்டியையும் தண்டத்தையும் நீக்கியது. “காலத்தில் கட்டியவனுக்கு ஒரு நற்சொல்லும் இல்லை, காலம் கடத்தியவனுக்குச் சலுகையா?” என்று ஒருவர் கேட்டால், அதனைப் பொறாமை என்று தள்ளிவிட இயலாது.

மறுபுறத்தையும் நோக்குவோம். 1809இல் பாளையம் அமைந்த பின்னர்த் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்பு நாடி வந்து வேரூன்றிய இடங்களுள் அல்சூரும் ஒன்று. இங்கே ஒரு சிறுவணிகர் மறைந்துவிட்டார் எனக் கொள்வோம். அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு அவருடைய வரிக்கடனும் மகனைச் சேரும் என்பது சட்டம். கணக்கேடு அவனுக்குப் புரியாது. ஆங்கிலத்தில் வந்த அறிவிப்பும் விளங்காது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் கெடு தாண்டிய நிலுவைக்கு மாதம் 1 விழுக்காடு வட்டி விதித்தது. 1 இலட்சம் ரூபாய் நிலுவை 5 ஆண்டு கிடந்தால் வட்டி மட்டும் 60,000 ரூபாய்! ஆயினும் அதே சட்டம், தவணை முறையில் செலுத்த இசைவளிக்க அதிகாரிக்கு இடமும் தந்தது. சட்டம் திறந்து வைத்த வாயிலை அறியாதவனுக்குக் காட்டுவது சலுகை ஆகுமா? அது கல்வியின் பயன் அன்றோ!

தமிழர்க்கு இத்தொழில் புதியதும் அன்று. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் சென்றார். பொன்னும் யானையும் வேண்டிச் செல்லவில்லை. புறநானூற்றின் 35ஆம் பாட்டின் அடிக்குறிப்பு, அவர் அப்பாட்டைப் பாடிப் ‘பழஞ்செய்க்கடன்’ வீடு கொண்டார் என்கிறது. நிலத்தின் மீதிருந்த பழைய வரி நிலுவையை நீக்கிப் பெற்றார் என்பது பொருள். படையின் வெற்றியே உழவின் விளைவுதான் என்றும், ஏர்க்குடியைக் காப்பவனுக்கே பகைவர் பணிவர் என்றும் மன்னனுக்கு அவர் எடுத்துரைத்தார்.

இப்பாட்டில் நாம் கருதத்தக்கவை இரண்டு. நாகனார் நிலத்தை மறைக்கவில்லை. நிலுவை இல்லை என்று பொய்யுரைக்கவும் இல்லை. கடன் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே விலக்கு வேண்டினார். அடுத்து, அவர் வேண்டியதும் மன்னன் விடுத்ததும் உலகறிய நிகழ்ந்தன. அதனாலன்றோ இத்துணை நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் நாம் அதனை அறிகிறோம்! மறைவில் பெற்ற சலுகை இப்படிப் பாட்டாக நின்றிருக்குமா?

இன்றைய வழக்கறிஞர்க்கும் இதுவே உரைகல். இயலாதவனும் இருக்கிறான், இருந்தும் மறைப்பவனும் இருக்கிறான். இருவரும் அவர் வாயிலுக்கே வருவர். மறைத்தவனுக்கும் வாதாட ஒருவர் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. நோயாளியின் நடத்தையைக் கேட்டா மருத்துவர் கை பிடிக்கிறார்? ஆயினும் இரண்டாம் கணக்கேடு ஒன்று உண்டெனில், அதனைத் திறக்கச் செய்வதே அவர்தம் முதற்பணி. அதனை மூடி வைக்கத் துணைநின்றால் அவர் வழக்கறிஞர் அல்லர், கூட்டாளி.

சம்பளக்காரனின் கேள்விக்கும் இதிலேயே விடை உண்டு. எல்லார்க்கும் பொதுவான விதியின்படி, காரணம் கூறி, வெளிப்படையாக ஓர் எளியவனுக்குத் தவணை கிடைத்தால் நேர்மையாகக் கட்டியவன் இழப்பது ஒன்றுமில்லை. நாளை அவன் மகனுக்கும் அதே வாயில் திறந்திருக்கும். ஆள் பார்த்து, இருட்டில் தரப்படும் தள்ளுபடியே அவனிடமிருந்து திருடுகிறது. இரக்கம் வெளிச்சத்தில் நிற்கும் வரையில் அறமாகும். இருளுக்குள் சென்றுவிட்டால் அதற்குக் களவு என்றே பெயர்.