பென் டிரைவில் எழும் கணினியும் உடையவரின் உடல்–உயிர்க் கொள்கையும்

கணினியை உடலாகவும் அதில் ஓடும் மென்பொருளை உயிராகவும் கொள்ளும் உவமை இன்று ஆன்மிகச் சொற்பொழிவுகள் வரை பரவிவிட்டது. அந்த உவமை எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிப்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் மிகப் பொருத்தமான இடம். உடலுக்கும் உயிருக்கும் உள்ள உறவையே தம் தரிசனத்தின் அச்சாணியாக்கிய, உடையவர் எனப் போற்றப்படும் இராமாநுசர் 1017-இல் அவதரித்த ஊர் அது. 2007-இல் டெல் நிறுவனம் கணினித் தொழிற்சாலை தொடங்கிய ஊரும் அதுவே.

மின்சாரம் பாய்ந்ததும் கணினி முதலில் நாடுவது வன்தட்டை அன்று. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் தொடக்க நிரலையே நாடுகிறது. பழைய பொறிகளில் பயாஸ் என்றும் புதியவற்றில் யுஇஎஃப்ஐ என்றும் வழங்கும் அந்நிரல், உறுப்புகளைச் சரிபார்த்தபின், மற்ற மென்பொருள்களுக்கெல்லாம் இடமும் ஒழுங்கும் தருகின்ற இயக்க முறைமையை எந்தச் சாதனத்திலிருந்து எடுப்பது என அறிய ஒரு வரிசைப் பட்டியலைப் பார்க்கிறது. பட்டியலின் தலையில் வழக்கமாக நிற்கும் வன்தட்டு பழுதாகும்போது, பொறியைத் தொடங்குபவர் (டெல் கணினிகளில் எஃப்12 விசையை அழுத்தி) பென் டிரைவைத் தேர்ந்தால், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற வேறொரு முறைமை வன்தட்டைத் தொடாமலே நினைவகத்தில் ஏறி இயங்கும். வன்தட்டு நல்ல நிலையில் இருக்கும் பொறியில் பென் டிரைவைக் கழற்றி மறுபடி தொடங்கினாலோ, பழைய முறைமை இடையில் நடந்த எதையும் அறியாமல் எழும்.

இயக்க முறைமையே உயிர் என்றால், ஓர் உடலில் இரண்டு உயிர்கள் முறைவைத்துக் குடியிருப்பதாகக் கொள்ள நேரிடும். பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில் இராமாநுசர் உடலுக்குத் தரும் இலக்கணம் இந்தக் குழப்பத்தை வேரிலேயே தீர்க்கிறது. கை கால் முதலிய உருவத்தைக் கொண்டோ புலன்களைக் கொண்டோ அவர் உடலை வரையறுக்கவில்லை; அறிவுடைய ஒரு பொருள் தன் பயனுக்காக எதை முழுவதும் தாங்கவும் ஏவவும் வல்லதோ, எது அதற்கு அடங்கியிருப்பதையே தன் இயல்பாகக் கொண்டதோ, அதுவே உடல் என்கிறார். தாங்கப்படுதல் ஆதேயத்தன்மை, ஏவப்படுதல் விதேயத்தன்மை, பிறர் பயனுக்கே இருத்தல் சேஷத்தன்மை எனப்படும். முறைமை பொறியை ஏவுவது உண்மையே. ஆனால் அது பொறியைத் தாங்குவதில்லை. உயிர் நீங்கிய உடல் அழியத் தொடங்குகிறது. முறைமை நீங்கிய பொறியோ சிதையாமல், அடுத்த பென் டிரைவுக்குக் காத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முறைமைக்கு அறிவும் இல்லை, தனக்கென ஒரு பயனும் இல்லை. ஆகவே வன்பொருள், மென்பொருள் இரண்டுமே கருவிகள்தாம். அவற்றுள் ஒன்றை மட்டும் உயிரின் இருக்கையில் அமர்த்தச் சாத்திரம் இடம் தராது.

தொடங்குவதைக் குறிக்கும் ‘பூட்’ என்ற சொல்லும் இங்கே கவனத்துக்குரியது. ஒருவர் தம் காலணியின் பின்பட்டையைத் தாமே பற்றித் தம்மைத் தூக்கிக்கொள்வதாகிய, நடவாத செயலைச் சொல்லும் வழக்கிலிருந்து அது பிறந்தது. சாங்கியர் கூறும் அறிவற்ற மூலப்பகுதி, அறிவுடைய ஒருவனின் ஏவல் இல்லாமல் உலகமாக விரிய இயலாது என்று பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் நிறுவப்படும் வாதத்தோடு அதை வைத்துப் பார்க்கலாம். தானே எழுவதாகத் தோன்றும் பொறிக்குள் இருப்பது முன்பு ஒருவர் எழுதிவைத்த பட்டியல். அதை மாற்றுவதும் ஒருவரின் விரலே.

எந்த முறைமையில் எழுந்தாலும் ‘அதே கணினி’ என்று சொல்லப்படுவது எதனால் என்ற கேள்வி இதைவிட ஆழமானது. தொடக்க நிரலில் பதிந்த வரிசை எண்ணைப் படித்து ‘அதே கணினி’ எனச் சொல்பவர் மற்றொருவர்; பொறிக்கு அது தோன்றுவதில்லை. பிறர்க்கே தோன்றும் இத்தகைய பொருளைப் பராக் என்றும், தனக்குத் தானே தோன்றும் ஆன்மாவைப் பிரத்யக் என்றும் இராமாநுசரின் தரிசனமாகிய விசிஷ்டாத்வைதம் பிரிக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் ‘நான்’ என்பது கரைந்துவிடுகிறது என்ற அத்வைதிகளின் கருத்தை மறுக்கும் இராமாநுசர், விழித்தவர் ‘நன்றாக உறங்கினேன்’ என்று உணர்வதையே சான்றாகக் காட்டுகிறார்: உலகத்தைப் பற்றிய அறிவு அப்போது சுருங்கிக் கிடந்தாலும், அதற்கு ஆதாரமான ‘நான்’ அணையவில்லை.

ஷிஃப்டு முறையில் இயங்கும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழில் வட்டாரத்தில் இந்த வேறுபாட்டுக்குத் தனிக் கனம் உண்டு. அங்குள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு 2024-இல் திறக்கப்பட்டது. தொழிற்சாலை வாயிலில் அடையாள அட்டையின் எண்ணே அவர்களுள் ஒவ்வொருவரையும் அறிவிக்கிறது. ஆனால் இரவு வேலை முடித்து உறங்கி, நண்பகலில் சொந்த ஊரல்லாத ஓர் அறையில் கண் விழிக்கும் பெண், அந்த அட்டையைத் தேடுவதற்கு முன்பே தன்னை அறிந்திருக்கிறாள்.