செம்பின் முதுகு

புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்த செம்புச் சொம்பு இராமேசுவரத்து வீட்டில் சில நாளிலேயே கழுத்தோரம் பச்சை பூத்துவிடும். மறுபடி புளி, மறுபடி பளபளப்பு, மறுபடி பச்சை. உப்புக் காற்றின் ஊரில் உலோகத்துக்கு ஓய்வில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் ஆயுளும் துருவோடு மல்லுக்கட்டியே கழிந்தது. எத்தனை முறை வண்ணம் அடித்தாலும், தூரிகை எட்டாத இடுக்கைத் துரு தேடிக் கண்டுபிடித்துவிடும்.

செம்பையும் இந்தப் பச்சைக் களிம்பையும் சைவ சித்தாந்திகள் உவமையாக எடுத்தது சும்மா இல்லை. களிம்பு இடையில் வந்து ஒட்டியதன்று. செம்பு என்று உண்டோ அன்றே அதுவும் உண்டு. உயிருக்கு ஆணவமும் அப்படியே என்றார்கள். காற்றும் ஈரமும் உப்பும்தான் காரணம் என்று வேதியியல் சொல்லும். சரிதான். ஆனால் அதே காற்று பொன்னின் மேலும் வீசுகிறதே! பச்சை பூப்பதற்கான இசைவு செம்புக்குள் இருக்கிறது. நாம் புளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எனாமல் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. அது பூசிக் காயவைக்கும் வண்ணமன்று, கண்ணாடி. நிறமேற்றிய கண்ணாடிப் பொடியைச் செப்புத் தகட்டின் மேல் படியவைத்து, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நிமிடம் வைத்தால், பொடி உருகிச் செம்பைப் பற்றிக்கொள்கிறது. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். ஒன்று உருக வேண்டும், மற்றொன்று உருகாமல் தாங்க வேண்டும்; அந்த இடைவெளியில்தான் இக்கலையே நடக்கிறது.

கே.சி.எஸ். பணிக்கரும் உடனிருந்த கலைஞர்களும் 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், அவருடைய மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, எனாமலால் நிறமேற்றிச் சிற்பங்கள் செய்தார். பறவை, மரம், கருடன், அனுமன் என்று இயற்கையும் புராணமும் அவற்றில் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும். அவை பெரும்பாலும் நம்மை நேர்முகமாகப் பார்த்து நிற்பவை, கருவறை மூர்த்தியைப் போல, நடுகல்லைப் போல. அந்தக் கிராமமும் உப்புக் காற்று வீசும் கடலோரம்தான் என்பது கவனிக்கத் தக்கது.

நேர்முகம் என்றதும் முதுகின் நினைவு வருகிறது. மெல்லிய செப்புத் தகட்டின் ஒரு பக்கம் மட்டும் எனாமல் ஏற்றினால் என்ன ஆகும்? சூளையிலிருந்து எடுத்து ஆறவிடும்போது செம்பு அதிகமாகச் சுருங்கும், கண்ணாடி குறைவாகச் சுருங்கும். தகடு வளையும், முகத்தில் மயிரிழை விரிசல் ஓடும், சில சமயம் சில்லாகவே தெறித்து விழும். ஆகவே கைதேர்ந்தவர்கள் யாரும் பார்க்கப்போகாத பின்பக்கத்திலும் எனாமல் ஏற்றுகிறார்கள். அங்கே அழகு தேவையில்லை, மிஞ்சிய பொடியே போதும். ஆனால் அது இல்லாமல் முகம் நிலைக்காது.

மன்னார் வளைகுடாவின் சங்குக்கும் இது தெரியும். இராமேசுவரம் தீவின் கடைகளில் வெள்ளையாக அடுக்கியிருக்கும் சங்கு, கடலிலிருந்து மேலே வரும்போது அப்படி இருப்பதில்லை. பழுப்பேறிய முரட்டுத் தோல் போர்த்தியிருக்கும். அதை நீக்கி, தேய்த்து, மெருகேற்றித்தான் நமக்கு விற்கிறார்கள். அந்த உயிர் தானாகச் செய்துகொண்ட வழவழப்போ உள்ளே, தன் மெல்லிய சதை படும் இடத்தில். காண்பவர் எவருக்காகவும் அது அதைச் செய்யவில்லை.

நாமோ வாழ்நாளின் பெரும்பகுதியை முகத்தைத் துலக்குவதில் செலவிடுகிறோம். சொல்லைத் துலக்குகிறோம், பெயரைத் துலக்குகிறோம், பிறர் கண் படும் இடத்தையெல்லாம் துலக்குகிறோம். பிறகு ஒரு நாள் வெப்பம் தணிந்து வாழ்க்கை ஆறத் தொடங்கும் வேளையில், நெருப்பில் நன்றாகத்தானே நின்றோம், ஆறும்போது ஏன் விரிசல் விடுகிறோம் என்று திகைக்கிறோம், ஒருவரும் பாராத பொழுதில் நாம் எப்படி இருந்தோமோ அதுவே பிறர் பார்த்த முகத்தை அத்தனை காலமும் பின்னாலிருந்து தாங்கியது என்பதை அறியாமலே. விரிசல் விழுந்த முகத்தின் மேல் மறுபடி புளியைத் தேய்ப்பவர்களும் உண்டு. இரக்கத்துக்குரியவர்கள்.

சோழமண்டலத்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் அங்குள்ள சிற்பங்களை முன்னால் நின்று பார்த்தது போதும் என்று திரும்பிவிடாதீர்கள். பின்பக்கமும் ஒருமுறை சுற்றி வாருங்கள்.