மாண்டவ்யரின் வழக்கும் மூன்று வயதின் முரண்டும்

மூன்று வயதுக் குழந்தை உடன் விளையாடும் பிள்ளையைக் கடிப்பதும், தட்டைத் தள்ளிவிடுவதும், தரையில் புரண்டு அடம் பிடிப்பதும் யாருடைய செயல்கள் என்ற கேள்வி பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும், வினைக்கொள்கையை ஏற்ற இந்தியச் சமயங்களுக்கு அது எளிதாக இருந்ததில்லை. ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே சுமந்து பிறக்கிறது என்றால், குழந்தையின் மூர்க்கம் அது கொண்டுவந்த மூட்டையிலிருந்து வெளிப்படுவதாகிறது. அறியாப் பருவத்துச் செயலுக்கு வினை ஒட்டாது என்றால், நடந்துவிட்ட செயலுக்கு உரியவர் எவர் என்பது விடையின்றி நிற்கிறது.

இந்த முரண்பாட்டை மகாபாரதத்தின் ஆதிபர்வம் ஒரு வழக்காகவே நடத்திப் பார்க்கிறது. மௌன விரதத்தில் இருந்த மாண்டவ்யர், தம் குடிலில் கள்வர்கள் ஒளிந்துகொண்டதால் தாமும் கள்வராகக் கருதப்பட்டுக் கழுவில் ஏற்றப்படுகிறார். தாம் செய்த குற்றம் என்ன என்று அவர் தருமதேவனிடம் கேட்டபோது, சிறு வயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதன் பயன் இது என்று பதில் வருகிறது. அறியாத வயதுச் செயலுக்கு இத்தகைய தண்டனை நீதியாகாது என்று சினந்த முனிவர், பதினான்கு வயது வரை செய்தவை பாவமாகா என்று புதிய வரம்பை வகுத்து, தீர்ப்பளித்தவனையே மண்ணில் பிறக்கும்படி சபிக்கிறார். அவ்வாறு பிறந்தவனே விதுரன். குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்ட குற்றம் மாண்டவ்யரின் தாய் தந்தையர் தலையில் ஏறவில்லை என்பதும், முறையை வகுத்தவனையே அது சென்று சேர்ந்தது என்பதும் இக்கதையில் கவனிக்கத்தக்கவை.

இன்றைய சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவும், ஏழு வயது நிரம்பாத குழந்தையின் எச்செயலும் குற்றமன்று என்கின்றன. ஆனால் குற்றமில்லை என்று சொல்வதோடு சட்டத்தின் வேலை முடிந்துவிடுகிறது. கடிபட்ட குழந்தையின் கையில் தடம் அப்படியே இருக்கிறது, மறுநாளும் அது நிகழ்கிறது.

அந்த மறுநாளைப் பற்றிப் பேசுபவையே பெற்றோர் பயிற்சித் திட்டங்கள், அதாவது முரண்டு பிடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு அதன் தாய் தந்தையரை வாரம் ஒருமுறை அழைத்துக் கற்பிக்கும் வகுப்புகள். இவற்றின் அடிப்படையை வகுத்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பணியாற்றிய ஜெரால்டு பேட்டர்சன். குளிக்க வா என்று தாய் அழைக்க, குழந்தை அலற, தாய் குரலை உயர்த்த, குழந்தை இன்னும் உரக்க அலற, ஒரு கட்டத்தில் தாய் அலுத்துப்போய் விட்டுவிட்டால், அலறினால் வேலை நடக்கும் என்று குழந்தையும், விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று தாயும் ஒரே நொடியில் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் போன்றோர் உருவாக்கிய பிற்காலத் திட்டங்கள், நாள்தோறும் சிறிது நேரம் குழந்தையின் போக்கிலேயே விளையாடுதல், நல்லதைக் கண்டவுடன் சொல்லிப் பாராட்டுதல், சிறு சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விடுதல், கட்டளையைச் சுருக்கமாகச் சொல்லிப் பின் அதில் உறுதியாக நிற்றல் ஆகியவற்றைப் பழக்குகின்றன. 3 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்குக் குழுவாக நடத்தப்பட்ட வகுப்புகள் பற்றிய 13 ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட மதிப்பீடு, நடத்தைச் சிக்கல்கள் குறுகிய காலத்தில் குறைந்ததையும், பெற்றோரின் மனநலம் மேம்பட்டதையும் காட்டியது. நீண்ட காலப் பயனுக்குச் சான்று போதவில்லை என்றும் அது கூறியது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடக்கும் பழவினை சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகரப்படும் பகுதி பிராரத்தம், அதை நுகரும்போதே புதிதாக ஏறிக்கொள்வது ஆகாமியம். குழந்தையின் பிறவிக் குணத்தைப் பிராரத்தம் என்று கொண்டாலும், நரம்பியல்பு என்று கொண்டாலும், பயிற்சித் திட்டம் அதைப்பற்றி அதிகம் விசாரிப்பதில்லை. அதட்டலுக்கும் அலறலுக்கும் இடையே நாள்தோறும் ஏறிக்கொண்டிருப்பதை மட்டுமே அது பார்க்கிறது. ஆகாமியம் என்ற சொல்லை அறியாதவர்கள் உருவாக்கிய ஆகாமிய வைத்தியம் என்று இதைச் சொல்வது மிகையாகாது.

இந்த வைத்தியத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. குழந்தையிடம் குற்றமில்லை, பெற்றோர் கற்க வேண்டும் என்ற வாக்கியம் வீட்டுக்குள் நுழைந்தவுடன் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று திரிந்து, அதிலும் தாயின் வளர்ப்பு என்றே பொருள்படுகிறது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தெற்கே அமைந்த கவரைப்பேட்டை போன்ற ஊரில் இத்திரிபு இன்னும் கூர்மையாகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வாடகை அறையில் வாழும் குடும்பத்தில் பாட்டி இல்லை, அத்தை இல்லை; ஷிஃப்ட் முடிந்து வருபவரின் களைப்பும் பகலெல்லாம் அடைந்து கிடந்த குழந்தையின் துடிப்பும் ஒரே அறையில் சந்திக்கின்றன. பொறுமை குணத்தால் மட்டும் வருவதன்று, உறக்கத்தாலும் வருகிறது.

இந்தக் கோணத்தில், படித்தவர்கள் ஏளனம் செய்யும் மந்திரித்தலுக்கு ஓர் அறச்சிறப்பு இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணேறு பட்டது, பயந்துவிட்டது என்று சொல்லிக் கோயிலிலோ தர்காவிலோ கயிறு கட்டி அழைத்துவந்தவர்கள் சிக்கலைத் தீர்த்தார்களோ இல்லையோ, குழந்தையையும் தாயையும் ஒருசேரக் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். அதே நேரத்தில் நாளை காலை என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் வழி இல்லை.

கவரைப்பேட்டைக்கு அருகிலுள்ள சிறுவாபுரி முருகன் கோயில், சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமைகள் வரும் அன்பர்களால் இன்று பெயர் பெற்றிருந்தாலும், அதன் தலவரலாறு பிள்ளைகளின் போரைப் பற்றியது: இராமன் தம் தந்தை என்று அறியாமலே லவனும் குசனும் அவனை எதிர்த்து நின்ற இடம் அது என்பது நம்பிக்கை. அச்சிறுவரின் முரட்டுத்தனத்தை யாரும் சீதையின் வளர்ப்புப் பிழையாகச் சொல்வதில்லை. தாயும் பிள்ளைகளும் காட்டில் வாழ நேர்ந்தது யாருடைய முடிவால் என்பது கேட்பவர் அனைவருக்கும் தெரியும்.

தொழிற்பேட்டையில் அத்தகைய முடிவுகள் சட்ட வடிவில் இருக்கின்றன. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி, மக்கள் வாயில் பால்வாடி, சத்துணவோடு முன்பருவக் கல்வியும் தருகிறது. பெற்றோர் வகுப்பு நடத்த இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை, ஆனால் அது திறந்திருக்கும் நேரமும் ஷிஃப்ட் நேரமும் பொருந்துவதில்லை. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்து, நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரும் உரிமையையும் அளித்தது. ஐம்பதுக்குக் குறைந்த பட்டறைகள் அதற்கு வெளியே நின்றன. அந்த நான்கு முறைகளும் பெண் தொழிலாளிக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. அதே கூரையின் கீழ் வேலை செய்யும் தந்தை காப்பகத்துக்குச் சென்று வருவதைப் பற்றி அந்தப் பிரிவு எதுவும் கூறவில்லை.