நேர்முகத் தேர்வும் நேர்மையும்

கற்றவன் ஒருவன் தன் கல்வியைப் பிறர்முன் எடுத்துரைக்கும் வேளை, அவனுடைய அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் ஒருசேர வாய்க்கும் சோதனையாகும். அவன் என்ன கற்றான் என்பதோடு, அவன் எத்தகையவன் என்பதும் அவ்வேளையில் வெளிப்பட்டுவிடும். நம் காலத்தில் அச்சோதனைக்கு நேர்முகத் தேர்வு என்று பெயர்.

கோவையில் 1888-ஆம் ஆண்டில் முதல் பஞ்சாலை எழுந்தது. அதன் பின்னர் ஆலைகளும் வார்ப்படச் சாலைகளும் பம்ப்செட் பட்டறைகளும் பெருகின. பட்டறைக்கு வேலை தேடி வந்தவனிடம் அரத்தையும் இரும்புத் துண்டையும் கொடுத்து ராவிக் காட்டச் சொன்னார்கள். திருப்பூரில் தையற்காரரிடம் துணியைக் கொடுத்துத் தைத்துக் காட்டச் சொன்னார்கள். அங்கே கை பேசியது. வாய்க்கு அதிக வேலையில்லை. இன்றோ விளாங்குறிச்சியில் 2010-இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவிலும், சரவணம்பட்டி, கீரநத்தம் வட்டாரங்களிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களின் வாயிலில் நிற்கும் நம் பிள்ளைகள், நிரல் எழுதிக் காட்டுவதோடு தம்மைப் பற்றிப் பேசவும் வேண்டியிருக்கிறது.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்களிடமுள்ள குறை யாது? இடர்ப்பாடான வேளையொன்றை எவ்வாறு சமாளித்தீர்கள்? இந்நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?” என்பன போன்ற வினாக்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆதலின் அவற்றுக்குரிய விடைகளைக் கற்பிக்கும் பயிற்சி நிலையங்களும் நூல்களும் பெருகியுள்ளன. மென்பொருள் பொறியாளராயிருந்த கேல் லாக்மன் மெக்டவல் என்னும் அமெரிக்கப் பெண்மணி 2008-இல் வெளியிட்ட ‘கிராக்கிங் தி கோடிங் இண்டர்வியூ’ என்னும் நூலை நம் ஊர் மாணவரும் கையில் வைத்திருக்கக் காண்கிறோம்.

கோட்டைமேட்டிலிருந்தும் கரும்புக்கடையிலிருந்தும் பொறியியற் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் சிலர் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்புவதுண்டு: “விடையை முன்னரே மனனம் செய்துகொண்டு, அப்போதுதான் எண்ணிச் சொல்வதுபோல் சொல்கிறோமே, ஹஜ்ரத், இது பொய்யில் சேருமா?”

இந்த ஐயம் எழுந்ததே அப்பிள்ளைகளின் உள்ளம் விழித்திருப்பதற்குச் சான்றாகும். ஆயினும் இதற்கு ஒற்றைச் சொல்லில் விடையளித்தல் இயலாது. முன்னேற்பாடு வேறு, பொய்த்தோற்றம் வேறு என்பதை முதற்கண் பிரித்துணர வேண்டும்.

அவையில் பேசுவதற்குத் தன்னை ஆயத்தம் செய்துகொள்வது இழுக்கன்று. வள்ளுவப் பெருந்தகை அவையறிதல், அவையஞ்சாமை எனத் தனித்தனி அதிகாரங்களையே வகுத்துள்ளார். பிர்அவ்னின் அவைக்குச் செல்லுமுன் மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்த்தருளுமாறு இறைவனிடம் வேண்டினார்கள். தம்மினும் தெளிவாகப் பேசவல்ல தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். யூஸுப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டு மன்னரிடம், களஞ்சியங்களைக் காக்கும் பொறுப்பைத் தமக்குத் தருமாறும், தாம் பேணிக் காப்பவர், அறிந்தவர் என்றும் தாமே எடுத்துரைத்தார்கள். உள்ள தகுதியை உரிய இடத்தில் உரைப்பது தற்பெருமையாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

வாய்மைக்கு இரு புறங்கள் உண்டு. இல்லாததை உண்டென்பது பொய். உள்ளதைச் சொல்லத் தெரியாமல் கூனிக் குறுகி நிற்பது பொய்யன்று எனினும், அங்கும் உண்மை வெளிப்படாமற் போகிறது. தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளை, தானே முயன்று எழுதிய நிரலைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்ல நாவெழாமல் திரும்பி வருவானாயின், அங்கே தோற்றது அவன் அறிவன்று, அவன் ஆயத்தமின்மையே. ஆகவே தன் வாழ்வில் நிகழ்ந்ததை வரிசைப்படுத்தி, எழுதி, உரக்கச் சொல்லிப் பழகுவது உண்மைக்குச் செய்யும் தொண்டேயாகும்.

இனி மறுபுறத்தைக் காண்போம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்தபோது, மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்ததையும், வணிகரை அவர்கள் கண்டித்ததையும் நம் வீட்டுச் சிறாரும் அறிவர். ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அங்கு கற்பிக்கப்பட்ட நெறி. நேர்முகத் தேர்வில் முதல் வினா குவியலின் மேற்புறத்தைக் காண்பது. இரண்டாம் வினாவே உள்ளே நுழையும் கை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இணைப்புப் பட்டியல் என்றொரு அமைப்பைத் தலைகீழாக்கிக் காட்டுமாறு தேர்வாளர் கேட்பது வழக்கம். அது ஒரு சங்கிலி போன்றது. ஒவ்வொரு கண்ணியும் தன்னிடமுள்ள மதிப்பையும் அடுத்த கண்ணியின் முகவரியையும் மட்டுமே அறியும். திசையை மாற்றுமுன் அடுத்த முகவரியைத் தனியே குறித்துக்கொள்ளாவிடில் எஞ்சிய சங்கிலி முழுவதும் கைநழுவிப் போகும். மனனம் செய்தவனும் இதனைப் பிழையின்றி எழுதிவிடுவான். “குறித்துக்கொள்ளும் அந்த வரியை ஏன் முதலில் எழுதினீர்? சங்கிலியின் கடைசிக் கண்ணி நடுவிலுள்ள ஒரு கண்ணியையே சுட்டி நின்றால் என்னாகும்?” என்று கேட்கும்போதுதான் உலர்ந்த தானியமும் ஈரத் தானியமும் வேறாகின்றன.

பொய் எப்போதும் முழு உருவில் வருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஹதீஸ் கலை அறிஞர் ‘தத்லீஸ்’ என்றொரு குற்றத்தைக் குறிப்பிடுவர். தாம் நேரிற் கேளாத செய்தியை, ‘இன்னாரிடமிருந்து’ என்று பொதுப்படக் கூறி, நேரிற் கேட்டதுபோன்ற எண்ணத்தைக் கேட்போர் உள்ளத்தில் உண்டாக்குவது அது. சொல்லில் பொய் இல்லை. தோற்றத்தில் பொய் உண்டு. இமாம் ஷுஃபா (ரஹ்) போன்றோர் அதனைப் பொய்யின் உடன்பிறப்பாகவே கருதினர். பத்துப்பேர் கூடிச் செய்த பணியில் ஓரத்தில் அமர்ந்திருந்தவன், “நாங்கள் இம்மென்பொருளை உருவாக்கினோம்” என்று சொல்லி, ‘நாங்கள்’ என்னும் சொல்லின் நிழலில் ஒதுங்குவதும் தத்லீஸேயன்றி வேறென்ன? “அதில் என் பங்கு இவ்வளவு” என்று வரையறுத்துக் கூறுபவனின் சிறுபணி, மற்றவனின் பெரும்பணியினும் எடை மிக்கது.

‘உங்கள் குறை யாது?’ என்னும் வினாவுக்கு, ‘அளவுமீறி உழைப்பதே என் குறை’ என்று விடை கூறப் பயிற்றுவிக்கிறார்கள். குறை கேட்டவரிடம் நிறையைக் குறையாக வேடமிட்டுக் காட்டுவது இது. இவ்விடத்தில் வினவுவோர்க்கும் ஒரு சொல் உண்டு. மெய்யான குறையைச் சொன்னவனைத் தள்ளி, வேடமிட்டவனை ஏற்பீர்களாயின், அப்பொய்யை விதைத்ததில் உங்களுக்கும் பங்குண்டன்றோ?

“உண்மை சொன்னவன் வீட்டில் இருக்கிறான், புனைந்து சொன்னவன் சம்பளம் வாங்குகிறான்” என்று பெற்றோர் சிலர் மனம் வெதும்புகின்றனர். அவ்வேதனையை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. கல்விக் கடனும், மணமாக வேண்டிய சகோதரியும், அண்டை அயலாரின் ஏச்சும் ஒரு பிள்ளையை எவ்வளவு நெருக்கும் என்பதை அறிவோம். அந்நெருக்கத்தில்தான் செய்யாத வேலைக்கு அனுபவச் சான்று வாங்குவதும், திரைவழித் தேர்வில் தனக்குப் பதிலாக வேறொருவனைப் பேச வைப்பதும் நிகழ்கின்றன. நிறுவனங்கள் பின்புலத்தைச் சரிபார்த்து, சேர்ந்த பின்னரும் வேலையிலிருந்து நீக்குகின்றன. அகப்படாதவனோ, தனக்கு இல்லாத அறிவை உடையவனாக நாள்தோறும் நடித்தாக வேண்டும். மேலும், வேலை என்பது ஓர் அமானிதம். மருத்துவமனையின் கணக்கும் வங்கியின் வைப்பும் அவன் எழுதும் நிரலை நம்பியிருக்கின்றன. அவன் அறியாமைக்கு விலை கொடுப்பவர், அந்த நேர்முகத் தேர்வில் அமர்ந்திராத யாரோ ஓர் ஏழையாகவும் இருக்கலாம்.

அங்ஙனமாயின் தெரியாத வினா வந்தால் செய்வதென்ன? மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைவிலிருந்து வந்த ஒருவர் கேட்ட வினாக்களுள் பெரும்பாலானவற்றுக்கு, தாம் அறியோம் என்றே அவர்கள் விடையளித்ததாக வரலாறு கூறுகிறது. அதனால் அவர்கள் மதிப்புக் குன்றவில்லை; அவர்கள் அறிந்ததாகக் கூறியவற்றின் மீது நம்பிக்கை வளர்ந்தது. ‘இது எனக்குத் தெரியாது, ஆயினும் இவ்வாறு அணுகிப் பார்ப்பேன்’ என்று கூறி, உரக்கச் சிந்தித்துக் காட்டும் பிள்ளையைத் தேர்ந்த தேர்வாளர் மதிப்பர். நிரற்கலையின் உயிர்நாடியான ‘அல்காரிதம்’ என்னும் சொல்லே, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. படிப்படியாகச் செல்லும் வழியையே அச்சொல் குறிக்கிறது. மனனம் செய்த முடிவை அன்று.

எனவே, பிள்ளைகளே, நன்றாக ஆயத்தம் செய்யுங்கள். சொல்லப் போகும் ஒவ்வொரு விடையையும் எடுத்துவைத்து, “இதன்மேல் இரண்டாவதாக ஒரு வினா எழுந்தால் நான் நிற்பேனா?” என்று உங்களையே கேளுங்கள். நிற்பீர்களாயின் அது உங்கள் விடை. எத்தனை முறை ஒத்திகை பார்த்தாலும் பொய்யாகாது. நிற்கமாட்டீர்களாயின் அது இரவல் விடை. அதனை மனனம் செய்யும் நேரத்தில் அந்தப் பொருளையே கற்றுவிடுங்கள். பெற்றோரே, தேர்விலிருந்து திரும்பும் பிள்ளையிடம் ‘வேலை கிடைத்ததா?’ என்பதற்கு முன்னர், ‘உள்ளதைச் சொன்னாயா?’ என்று கேளுங்கள். இவ்வீட்டில் எதற்கு மதிப்பு என்பதை அப்பிள்ளை அக்கேள்வியிலிருந்தே கற்றுக்கொள்வான்.