அச்சும் அன்னமும்

அச்சு என்னும் சொல் தமிழில் இரண்டு இடங்களில் குடியிருக்கிறது. நூல் பிறப்பதும் அச்சில். முறுக்குப் பிறப்பதும் அச்சில். அவ்விரண்டும் ஒன்றாகும் காலம் வந்துவிட்டது. கணிப்பொறியில் வரைந்த உருவத்தை மாவாலும் மசியலாலும் அடுக்கடுக்காகக் கட்டித் தரும் பொறிகள் உலகில் நடமாடுகின்றன. முப்பரிமாண உணவு அச்சு என்று அதற்குப் பெயர். மனிதக் கை பிசையாத, பிழியாத ஒன்றை அன்னம் என்று அழைக்கத் தகுமா என்னும் வினா அதனுடன் சேர்ந்தே பிறந்திருக்கிறது.

நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் இடியாப்பம் பிழிந்த தாய்மார்களுக்கு இப்பொறியின் இலக்கணத்தை விளக்கப் பெரிதும் பாடுபட வேண்டியதில்லை. மாவு இறுகினால் இழை அறும். இளகினால் தட்டில் குழைந்து படியும். அழுத்தும்போது ஓட வேண்டும். விழுந்தபின் நிற்க வேண்டும். பொறி கேட்பதும் இதையே. கணிப்பொறி உருவத்தை மெல்லிய அடுக்குகளாக அரிந்து கணக்கிடுகிறது. குழலில் அடைத்த மசியல் நுண்துளை வழியே இழையாக இறங்க, முனை நகர்ந்து ஓர் அடுக்கை வரைகிறது. பிறகு சற்றே உயர்ந்து அடுத்ததைத் தொடங்குகிறது. கை சுழற்றிய வட்டத்தைப் பொறி சுழற்றுகிறது, அவ்வளவுதான். வேகத்தில் அது இன்னும் தாய்மார்களிடம் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அச்சிட்ட பின்னும் பெரும்பாலானவற்றை அவிக்கவோ சுடவோ பொரிக்கவோ வேண்டும்.

2013இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, நெடும்பயண வீரர்களுக்கு உணவு அச்சிடும் ஆய்வுக்கு 1,25,000 டாலர் வழங்கியபோது உலகம் வியந்தது. தமிழர்க்கு அதைவிட நெருக்கமான செய்தி தஞ்சாவூரில் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கி, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற அங்குள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தார், குதிரைவாலி, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, ஓமம் ஆகியவற்றின் மாவைக் கலந்து நார்ச்சத்து மிக்க தின்பண்டம் ஒன்றை அச்சிட்டனர். 2019இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பெயரைச் சொல்லாமல் தட்டில் வைத்தால் தஞ்சைப் பாட்டிமார் அதை முறுக்கு வகையில் சேர்த்திருப்பர்.

அன்னத்தில் அன்பு கலப்பது கையால்தான் என்பர் சிலர். அழகிய கூற்று. ஆயினும் தோட்ட வாழ்வு அதை முழுமையாக ஒப்புக்கொள்ளாது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். அங்கே ஊட்டிய கை அவள் கையன்று. அதனால் அவள் அன்பு குறைந்துவிட்டதா? பால்மரக் காட்டில் அவள் சிந்திய வியர்வை வேறொருத்தியின் கை வழியாக அக்குழந்தையின் வாய்க்குச் சென்றது. ஆகவே, கை தொட்டதா என்பதை மட்டும் கேட்டு இவ்வழக்கைத் தீர்க்க முடியாது. உண்பவரை எண்ணிச் செய்யப்பட்டதா என்பதே கேட்க வேண்டியது.

அப்படிக் கேட்டால், பொறிக்கு ஓரிடத்தில் மறுக்க இயலாத நியாயம் இருக்கிறது. பக்கவாதத்தாலோ முதுமையாலோ விழுங்கும் ஆற்றல் குன்றியவர்க்கு எல்லா உணவும் ஒரே கூழாக அரைத்து ஊட்டப்படுகிறது. கிண்ணத்தில் இருப்பது மீனா, பூசணியா என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. உயிர் நிற்கிறது, உண்ணும் விருப்பம் போய்விடுகிறது. 2012 முதல் 2015 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையுடன் நடந்த ஒரு திட்டம், அந்த மசியலையே மென்மை கெடாமல் மீண்டும் காய்களாகவும் இறைச்சியாகவும் உருக்கொடுத்து அச்சிட முயன்றது. நாவில் கரையும், கண்ணுக்கோ முழு உணவு.

வயிறு நிறைந்தவர்களின் ஆடம்பரம் இது, பசிக்கு உருவம் எதற்கு என்று கேட்கலாம். பகாவ் பசியை அறிந்த மண். சப்பானியர் ஆட்சியில், 1943இன் இறுதியில், சிங்கப்பூரிலிருந்து யுரேசியரும் சீனருமான கத்தோலிக்கக் குடும்பங்கள் காடழித்துப் பயிரிட இங்கே கொண்டுவரப்பட்டன. காய்ச்சலும் பஞ்சமும் அவர்களுள் பலரைக் கொன்றன. அந்நாளில் மலாயா, சிங்கப்பூர் எங்கும் அரிசிக்கு மாற்று மரவள்ளிதான். அந்த மக்கள் கிழங்கை அவித்துத் தின்றதோடு நிற்கவில்லை; அதன் மாவை மீயாக இழைத்தனர், ரொட்டியாகச் சுட்டனர். பசியின் நடுவிலும் மனிதன் உருவத்தைத் தேடினான். வெறும் தீனி உண்ண அவன் உடன்படவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பால்மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. பிள்ளைகள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தனர். முதியோரின் பக்கத்தில் உட்கார ஆளில்லாத வீட்டில், உணவை அச்சிடும் பொறி, வராதவர்களின் மனச்சான்றுக்கு நல்ல மருந்தாகிவிடக் கூடும். பொறிமேல் குற்றமில்லை, அதை வாங்கி வைத்து விடைபெறுவோரின் கணக்கு அது.

ஐரோப்பியத் திட்டத்தில் பொறிக்குக் கற்பித்த உருவங்கள் ஐரோப்பியத் தட்டில் உள்ளவை. ஐம்பது ஆண்டு பால்மரம் சீவிய மூதாட்டிக்குக் காலைப் பொழுதில் அவை வேண்டியிரா. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவிய புட்டு மாயம், அதன் இழைச் சிக்கல் குலையாமல், தொண்டையில் இடறாமல் அவளுக்கு வேண்டும். அந்த உருவம் எந்தக் கணிப்பொறியிலும் தானாக வந்து அமராது. எந்த நாளில் எதை உண்டாள், எது பிடிக்கும், இழை எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் அவளருகே உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும்.